ஆறாம் நாளைப் பத்தாம் நாள் என்று எழுதினேன்

நம் நாய்க் காப்பகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும்,

போன மாதம் எனக்கு விடைகொடுத்த அன்று, "எங்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்க சிஸ்டர்" என்று கேட்டீர்கள். நான் எழுந்து நின்று நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். செயலாளர் அம்மா முன்வரிசையில் இருந்தார். அவர் எதிரில் சொல்லும் தைரியம் எனக்கு அன்று இல்லை. இருபத்து மூன்று வருஷமாக இருந்ததில்லை என்றும் சொல்லலாம். அதனால் எழுதுகிறேன். அவரும் இதைப் படிப்பார். படிக்கட்டும்.

ஊசி போடுவது, கட்டுக் கட்டுவது, கடிக்க வருகிற நாயின் வாயைக் கட்டுவது எல்லாம் ஆறு மாதத்தில் கைக்கு வந்துவிடும். அதைப் பற்றி நான் எழுத ஒன்றுமில்லை. கைக்கு வந்துவிட்ட பிறகு செய்கிற தப்பைப் பற்றித்தான் எழுத வேண்டும். நான் அதைச் செய்தது என் பத்தொன்பதாவது வருஷத்தில்.

செம்பட்டை நிறத்தில் ஒரு பெட்டை நாய். ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட் பக்கம் வண்டி அடித்துப் பின்னங்கால் வீங்கிக் கிடந்தது. நம் காப்பகத்தில் அப்போது தாசன் என்று ஒருவன் இருந்தான். நாய்களைப் பிடிப்பது, கூண்டு கழுவுவது, சோறு வைப்பது எல்லாம் அவன்தான். நாற்பது வயது இருக்கும். பாலகாட் தங்கச் சுரங்கத்தை ஒட்டித் தொழிலாளிகளுக்குக் கட்டிய லைன் வீடுகளில் குடியிருந்தான். அவன் அப்பா, தாத்தா எல்லாம் மைனில் இறங்கியவர்கள். ஒரு புதன்கிழமை அந்த நாயைத் தூக்கும்போது அது அவன் மணிக்கட்டில் பல் பதித்தது. அவன் ஏற்கெனவே தடுப்பூசி போட்டுக்கொண்டவன். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் மேலும் ஊசி போட்டுக்கொண்டு, சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

கடித்த நாயைப் பத்து நாள் தனிக் கூண்டில் வைத்துப் பார்க்க வேண்டும். வெறிநோய் இருந்தால் அந்தப் பத்து நாளுக்குள் தெரிந்துவிடும். இது உங்களுக்கும் சொல்லித் தந்திருப்பார்கள். எனக்கும் தெரியும்.

இரண்டாம் நாளிலிருந்து ஒரு பெரியவர் அந்தக் கூண்டின் முன்னால் வந்து உட்கார ஆரம்பித்தார். பெயர் முனிசாமி. லைன் முழுக்க அவரை நைனா என்றுதான் கூப்பிடும். மைன் மூடுகிற வரைக்கும் கீழே வேலை செய்தவர். மனைவி போய்ப் பல வருஷம். மகன் பெங்களூரில். கூடவே இருந்த நாயும் அந்த மாதம் செத்துவிட்டது. வேறு நாய்க்குட்டி தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றார். "இதுக்கும் காலு வலிக்குது, எனக்கும் காலு வலிக்குது. ரெண்டு பேரும் மெதுவா நடப்போம்" என்றார். செம்பி என்று பேரும் வைத்துவிட்டார்.

ஆறாம் நாள் திங்கட்கிழமை. மறுநாள் காலை கருத்தடைக்காகப் பதினெட்டு நாய்கள் வருவதாக இருந்தது. கூண்டு போதவில்லை. செயலாளர் அம்மா பதினோரு மணிக்கு வந்தார். பஜாரில் கடை வைத்திருக்கும் குடும்பம். இந்தக் காப்பகத்தைச் சொந்தக் குடோனில் நாலு நாயோடு தொடங்கியவர். நாய்களை அவர் நேசிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அதை நான் இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

"அந்தச் செம்பட்டைய பெரியவர்கிட்ட குடுத்துடுங்க சிஸ்டர். தனிக் கூண்டு காலியாகணும்."

"இன்னிக்கு ஆறாவது நாள்தாம்மா ஆகுது."

"சாப்புடுது, வாலாட்டுது. அப்புறம் இன்னா? டாக்டரைக் கேட்டுட்டுக் குடுங்க."

டாக்டர் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் பெங்களூரிலிருந்து வருவார். அவர் பெயரை எழுதப்போவதில்லை. எனக்குத் தெரிந்த வேலையில் பாதி அவரிடம் கற்றது. அவருக்கு போன் செய்யலாம் என்று நான் எழுந்தபோது தாசன் வாசலில் நின்றான்.

"சிஸ்டர், செம்பி கொரல கேட்டீங்களா? காலையிலேர்ந்து ஒரு மாதிரி கீது."

நான் கேட்டிருந்தேன். குரைப்பின் கடைசியில் குரல் உடைந்து இழுத்தது. தொண்டை கட்டியவர்கள் பேசுவதுபோல. வெறிநோயின் முதல் அடையாளங்களில் அதுவும் ஒன்று. ஆனால் அந்த வரிசையில் மூன்று நாய்களுக்கு ஏற்கெனவே இருமல் இருந்தது. கூண்டில் அடைபட்ட நாய்களுக்கு ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றுகிற சாதாரண இருமல்தான்.

"அது இருமல்தான் தாசா. பக்கத்துக் கூண்டுலேர்ந்து வந்திருக்கும்."

அவன் என்னைப் பார்த்தான். "நீங்க சொன்னா சரி" என்று போய்விட்டான்.

நான் டாக்டரை அழைத்தேன். அவர் கேட்டது இன்றைக்கும் காதில் இருக்கிறது. "நான் இங்க இருக்கேன், கண்ணால பாக்கறது நீங்கதான். ஆறு நாள்ல ஏதாவது மாறியிருக்கா?"

"ஒண்ணும் இல்ல சார். நல்லா சாப்பிடுது."

"அப்ப உங்களுக்குச் சரின்னு பட்டா குடுங்க. தினம் ஒரு தடவை போய்ப் பாருங்க."

ஒன்றும் இல்லை என்று ஏன் சொன்னேன்? பல தடவை யோசித்துவிட்டேன். குரல் மாறியிருக்கிறது என்று சொன்னால் அவர் நிறுத்துங்கள் என்பார். நிறுத்தினால் கூண்டு காலியாகாது. செயலாளர் அம்மா மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே பெரியவர் கையில் புதுக் கயிற்றோடு நின்றார். எல்லோருக்கும் சௌகரியமான பதில் ஒன்றுதான் இருந்தது. மறுநாள் செவ்வாய்க்கிழமை, டாக்டரே நேரில் வந்து பார்த்திருப்பார். ஒரு நாள் பொறுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

செம்பி நொண்டிக்கொண்டே அவர் பின்னால் போனது.

செவ்வாய்க்கிழமை கருத்தடை, புதன்கிழமை அந்த நாய்களைக் கவனிக்கிற வேலை. தினம் போய்ப் பார்க்கச் சொன்னாரே டாக்டர், நான் போகவில்லை. வியாழக்கிழமை காலை தாசன் வேலைக்கு வந்ததும் நேராக என்னிடம் வந்தான். கையில் சாப்பாட்டுப் பையைக் கூட இறக்கவில்லை.

"செம்பி செத்துடுச்சு சிஸ்டர். நேத்தெல்லாம் தண்ணியே குடிக்கலயாம். கதவுக் கட்டையக் கடிச்சுனு இருந்துச்சாம். நைனா பொதச்சுட்டாரு."

நோய் இருந்ததா என்று தெரிய வேண்டுமென்றால் நாயின் தலையைப் பெங்களூருக்குப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். நாங்கள் இருவரும் மண்வெட்டியோடு போனோம். லைன் வீட்டுக்குப் பின்னால் கள்ளி வேலி ஓரம் மண் புதிதாக இருந்தது. பெரியவர் குறுக்கே வந்து நின்றார்.

"பொதச்சத தோண்டக் கூடாதும்மா. எந்த ஊர்ல செய்வாங்க இத?"

"இன்னா நோவுன்னு தெரியணும் நைனா."

"வயசாளிகிட்ட வந்துட்டமேன்னு ஏக்கத்துல போச்சு. வேற இன்னா நோவு?"

தாசன் அவர் தோளைப் பிடித்துக் கல் மேல் உட்கார வைத்தான். அவன் தோண்டி முடிக்கிற வரைக்கும் அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தூரத்தில் மைன் கழிவு குவிந்த சாம்பல் நிற மண்மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு முறை மட்டும் பேசினார். "ரெண்டு நாளா சோறு எறங்கல. வாயத் தொறந்து கையால ஊட்டிப் பாத்தேன். துப்பிடுச்சு."

அப்போதுதான் அவர் கையைப் பார்த்தேன். விரல் இடுக்குகளெல்லாம் வெடிப்பு. கட்டைவிரலில் பிளந்த இடத்தில் துணி சுற்றியிருந்தது. அந்தக் கையைத்தான் அந்த வாய்க்குள் விட்டிருக்கிறார்.

சோப்பு கேட்டு வாங்கி, குழாயடியில் வைத்து அவர் இரண்டு கையையும் நானே நெடுநேரம் கழுவினேன். "எதுக்குமா?" என்றார். "மண்ணு நைனா" என்றேன். அப்படியே ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கவே கூடாது. சந்தேகம் வந்த நிமிஷமே ஊசியைத் தொடங்க வேண்டும். இது எனக்குத் தெரியாதது அல்ல. பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு நானே எத்தனையோ தடவை சொன்னதுதான்.

ஆனால் செயலாளர் அம்மா போனில் சொன்னார்: "ரிசல்ட் வரட்டும். அதுக்குள்ள ஊரைக் கூட்டாதீங்க." சரி என்றேன். டாக்டரையும் நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அவர் முதலில் கேட்பது குரலைப் பற்றியதாக இருக்கும். வியாழன் போயிற்று. வெள்ளியும் போயிற்று. அந்த இரண்டு நாளும் நான் நன்றாகவே வேலை செய்தேன். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

சனிக்கிழமை மதியம் பெங்களூரிலிருந்து போன் வந்தது. வெறிநோய்தான்.

உடனே ஆபீசில் கூடினோம். செயலாளர் அம்மா, காப்பகத்தை நடத்தும் டிரஸ்டைச் சேர்ந்த இன்னும் இரண்டு பேர், நான். ஒருவர் சொன்னார், "வக்கீலக் கேட்டுட்டு அப்புறம் பெரியவருக்குச் சொல்லலாம். திங்கக்கிழம ஆவும்." செயலாளர் அம்மா முகம் வெளிறியிருந்தது. "மூடிடுவாங்க சிஸ்டர். தொண்ணூறு நாய் உள்ள இருக்குது. அதுங்கள எங்க விடறது? ரெண்டே நாளு."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அந்த ஒரு காரியத்தை மட்டும் இன்றைக்கும் சரி என்று சொல்லிக்கொள்கிறேன். அதுவும் இரண்டு நாள் தாமதமாக வந்த சரி. தாசன் ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்தான்.

பெரியவர் வரமாட்டேன் என்றார். "பூமிக்குள்ள எத்தினி வருசம் போய் வந்தவன் நான். பாறை வெடிச்சு விழுந்து சாகல. நாயி எச்சிலுக்கா சாவேன்?"

"நைனா, மைன்ல எறங்கறதுக்குக் கேஜ்ல ஏறப் போறீங்க. கயித்துல ஒரு இழை விட்டுருக்குன்னு ஒருத்தர் வந்து சொல்றாரு. ஏறுவீங்களா?"

அவர் எழுந்தார். பிறகு ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஆட்டோவில் ஏறியதும் கேட்டார்.

"ஒங்களுக்கு எப்பமா தெரியும்?"

"இப்பதான் நைனா. மத்தியானம்தான் போன் வந்துச்சு."

முன்சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாசன் திரும்பவில்லை.

ஆஸ்பத்திரியில் எல்லா ஊசியும் ஒழுங்காகப் போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் நானே கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இதைச் சொன்னால் உங்களுக்கு மூச்சு வரும். எனக்கும் வந்தது. ஆனால் அவர் பிழைத்தது என் கணக்கில் சேராது. நான் செய்தது எல்லாம் அவரைச் சாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியதுதான். அது அவரைத் தொடாமல் போனது அதிர்ஷ்டம்.

திங்கட்கிழமை காலை செயலாளர் அம்மா ரெஜிஸ்டரோடு உட்கார்ந்திருந்தார். நாயைப் பிடித்த தேதியை நாலு நாள் முன்னால் தள்ள வேண்டும். அப்படிச் செய்தால் பத்து நாள் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தோம் என்றாகும். நோய் வெளியே போன பிறகு வந்தது என்றாகும். அந்தப் பக்கத்தையே புதிதாக எழுதி, நானும் தாசனும் கையெழுத்துப் போட வேண்டும்.

"சனிக்கிழம பெரியவர்கிட்ட நீங்க சொன்னத நான் தடுக்கல சிஸ்டர்" என்றார். அவர் குரலில் மிரட்டல் எதுவும் இல்லை, களைப்புதான் இருந்தது. "இன்னிக்கு நான் சொல்றத நீங்க செய்ங்க."

நான் போட்டேன். தொண்ணூறு நாய்களுக்காகப் போட்டேன் என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். விசாரணை என்று வந்தால், ஆறாம் நாள் நாய் எப்படி இருந்தது என்று என்னைத்தான் கேட்பார்கள். அந்தப் பக்கம் செயலாளர் அம்மாவைக் காப்பாற்றியதைவிட என்னைத்தான் அதிகம் காப்பாற்றியது.

தாசன் பேனாவை வாங்கி, அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, பேனாவை மேஜையில் வைத்தான். "என் ஊசிச் சீட்டுல புதங்கிழமன்னு கீதும்மா. என்னைக் கடிச்சது புதங்கிழம. சனிக்கிழமன்னு எப்டிப் போடுவேன்?"

"சீட்டை யார் பாக்கப் போறாங்க தாசா?" என்றார் செயலாளர் அம்மா.

"நான் பாத்துனே இருப்பேனே."

அவன் என்னைப் பார்த்தான். சிஸ்டரும் ஏதாவது சொல்லுவார் என்று நினைத்திருப்பான். நான் ரெஜிஸ்டர் ஓரத்தை நேராக்கிக்கொண்டிருந்தேன். வார முடிவில், நாய்களைக் கவனமாகப் பார்ப்பதில்லை என்று சொல்லி அவனை நிறுத்திவிட்டார்கள். அவனைப் போலக் கவனமாகப் பார்த்தவன் அந்தக் காப்பகத்தில் இருந்ததில்லை. அதுவும் எனக்குத் தெரியும்.

நான் கையெழுத்துப் போட்டதற்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை, டாக்டர் வந்தார். ரெஜிஸ்டரைக் கேட்டார். அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். ஆறாம் நாள் என்று நான் போனில் சொன்னது அவருக்கு மறந்திருக்காது. கேட்டால் சொல்லிவிடுவோம் என்று நான் காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. மூடி வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். அதற்குப் பிறகு போனில் நான் சொல்கிற எதையும் அவர் ஏற்றுக்கொண்டதில்லை. "நானே வந்து பாக்கறேன்" என்பார். ஏழெட்டு மாதத்தில் வருவதை நிறுத்திக்கொண்டார். வேறு டாக்டர் வந்தார். உங்களுக்கு இப்போது இருப்பவர் அவருக்கும் பின்னால் வந்தவர்.

தூரத்தில் இருக்கிற டாக்டருக்கு நம் கண்ணும் காதும்தான் எல்லாம். மருந்தில் தப்பு செய்தால் மாற்று மருந்து உண்டு. பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டால் அதற்கு மாற்று எதுவும் நான் கண்டதில்லை.

நாலு வருஷம் போயிற்று. பெரியவர் மார்க்கெட்டில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் நின்று நாலு பேரிடம் சொல்லுவார்: "இந்த சிஸ்டரம்மாதான் ஆட்டோ வச்சுனு வந்து என்னைக் காப்பாத்துனது." நான் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

ஓய்வு பெற்று இரண்டு வாரம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். ஆள் ரொம்ப இளைத்துவிட்டார், இருமல் நிற்பதில்லை. வேறு நாய் வைத்துக்கொள்ளவில்லை. நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். ஆறாம் நாளிலேயே கொடுத்தது, குரல் மாறியது எனக்குத் தெரிந்தது, இரண்டு நாள் சும்மா இருந்தது, தேதியை மாற்றியது, எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும்மா" என்றார்.

"எப்படி நைனா?"

"வேல போன அன்னிக்கே தாசன் வந்து சொல்லிட்டான். நீங்க எப்ப சொல்லுவீங்கன்னு பாத்துனு இருந்தேன்."

"அப்ப மார்க்கெட்ல, நாலு பேர்கிட்ட..."

"ஒவ்வொரு வாட்டியும் ஒங்க மூஞ்சியப் பாத்துனுதான் சொன்னேன்" என்றார். "இன்னிக்காவது சொல்லுவீங்களான்னு."

கோபமாகச் சொல்லவில்லை. எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்து எனக்குக் கொடுத்தார். அவர் குடிக்கவில்லை. நான் குடித்து முடித்ததும், "தாசன்கிட்ட போனீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அவன் சாயங்கால ரயில்ல வருவான்" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

மறுநாள் டிரஸ்டுக்கும் பழைய டாக்டருக்கும் ஒரே கடிதத்தை எழுதினேன். உண்மையான தேதிகள், யார் என்ன சொன்னோம், தாசன் ஏன் கையெழுத்துப் போடவில்லை, எல்லாம் அதில் இருக்கிறது. இதுவரை இரண்டு பக்கத்திலிருந்தும் பதில் இல்லை. அதன் நகல் ஒன்றை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன்.

தாசன் இப்போது பெங்களூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் காவல் வேலை பார்க்கிறான். விடிவதற்கு முன் ரயிலேறினால் பொழுது சாய்ந்துதான் திரும்புகிறான். நீல யூனிஃபார்மில், கக்கத்தில் சாப்பாட்டுப் பையோடு இறங்கினான். தலை பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேகமாக வந்தான். நாலு வருஷம் முகத்தைப் பார்க்காமல் இருந்தவளிடம் அப்படி யாரும் வரமாட்டார்கள்.

"சிஸ்டர், நல்லா கீறீங்களா? நாய்ங்கல்லாம் எப்டி கீது? கண்ணு தெரியாத கறுப்பு இருந்துச்சே?"

"அது போன வருஷம் போயிடுச்சு தாசா."

"என் எடத்துல இப்ப யாரு?"

"பேத்தமங்களாவுலேர்ந்து ஒரு பொண்ணு வருது. நல்லாத்தான் செய்யுது."

அது உங்களில் ஒருவர் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அந்த இடம் எப்படிக் காலியானது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். "கொரல் மாறுச்சுன்னா ஒரு வாட்டி சொல்லிட்டு வுட்டுடக் கூடாதுன்னு சொல்லுங்க அந்தப் பொண்ணுகிட்ட. நான் ஒரு வாட்டிதான் சொன்னேன்."

கடிதத்தைக் கொடுத்தேன். பிளாட்பாரத்து விளக்கடியில் நின்று, விரலை வரி வரியாக ஓட்டி முழுக்கப் படித்தான். படித்துவிட்டு மடித்தான்.

"இதுக்குத்தான் வந்தீங்களா?"

"ஆமா தாசா."

"வேலைக்குக் கூப்புட வந்தீங்களோன்னு நெனச்சேன்" என்றான்.

என்னால் அது முடியாது என்று அவனுக்குத் தெரியும். நான் வேலையில் இருந்தபோதும் முடிந்திருக்காது. ஷேர் ஆட்டோக்காரன் பாலகாட், பாலகாட் என்று கத்திக்கொண்டிருந்தான். தாசன் கடிதத்தை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஓரத்தில் இடம் பார்த்து ஏறிக்கொண்டான்.